உண்டு கட்சிக்கும் இல்லை கட்சிக்கும் ஒரே ஆம்பிளிஃபயர்

புதிதாக மைக் செட் கடை போட்டிருக்கும் தம்பிமார்களே, தொழிலைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். கேட்டது தப்பு. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதற்காக வயர் இழுத்தவனிடம் "இப்போ நீ பேசு" என்றால் அவன் லேசில் நிறுத்த மாட்டான்.

எந்த வயரை எங்கே செருகுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனில் பார்த்தே கற்றுக்கொள்கிறீர்கள். என் மிக்ஸரில் இருந்த பட்டன்களில் பாதி எதற்கு என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திருகுவேன். ஜனங்கள் "சவுண்டு சேகர் கெட்டிக்காரன்" என்பார்கள். தொழிலில் பாதி அதுதான். மீதிப் பாதி, எப்போது திருகக் கூடாது என்பது. அதில் நான் எப்படிக் கோட்டை விட்டேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களில் மைக் செட்காரனுக்குத் தனியாக ஒரு மதம் இருந்தால் அடுப்பு எரியாது. ஆடியில் கூழ் ஊற்றும் அம்மன், கொடியேற்றத்துக்கு மாதா கோயில், நடுவில் கடவுள் மறுப்புக் கூட்டம். மூன்றுக்கும் அதே குழாய் ஸ்பீக்கர், அதே ஆம்பிளிஃபயர், அதே நான். சுத்துக்கேணியில் ஒருமுறை மறுப்புக் கூட்டம். பேச்சாளர் இன்னும் வரவில்லை, ஆள் சேர்க்க ஏதாவது போடப்பா என்றார்கள். கோயிலோ கல்யாணமோ, முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு என்று பழகிய கை. போட்டுவிட்டேன். கறுப்புச் சட்டைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியதை நினைத்தால் இப்போதும் வேர்க்கிறது. பதறிப்போய் நிறுத்தினேன் என்றா நினைக்கிறீர்கள்? நிறுத்துவதாக நினைத்து சத்தத்தைக் கூட்டினேன். பிள்ளையார் இன்னும் பலமாக வந்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வுடுங்கப்பா. ஆளு சேர்ந்துட்டாங்க பாரு. புள்ளையாரால நமக்கு ஒரு பிரயோஜனம்" என்றார். அவர்தான் தையல்காரர் கலியபெருமாள்.

கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர் அவருக்கு. கடவுள் இல்லை என்று பேசுகிறவர் பெயரிலேயே பெருமாள் இருக்கிறாரே என்று யாராவது கிண்டலடித்தால், "அது எங்கப்பா தச்ச சட்டை. அளவு சரியில்ல, ஆனா பழகிடுச்சு" என்பார்.

அவருக்கு எதிரி உபதேசியார் மரியதாஸ். வில்லியனூர்ப் பக்கம் கிறிஸ்தவ ஊர். கரும்பு பயிர் வைக்கிறவர். பங்குச் சாமியார் வராத நாட்களில் மாதா கோயிலில் ஜெபம் சொல்லி நடத்துவார், அதனால் உபதேசியார். பொங்கல் தோறும் கலியபெருமாள் ஊர் இளைஞர் மன்றம் ஊர்த் திடலில் விளையாட்டு விழா நடத்தும். கோலப்போட்டி, உறியடி எல்லாம் முடிந்து கடைசி நிகழ்ச்சி இவர்கள் இரண்டு பேரின் வாதம். கடவுள் உண்டா, இல்லையா? உண்டு என்று மரியதாஸ். இல்லை என்று கலியபெருமாள். உண்டு பக்கம் உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் விபூதி வைத்தவர்கள். தங்கள் சாமிக்காக மாதா கோயில் உபதேசியார் வாதாடுவதில் அவர்களுக்கு வருத்தமே கிடையாது. தேர்தல் கூட்டணி மாதிரிதான். முதலில் ஜெயிக்கட்டும், யார் சாமி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"கரும்புக்குள்ள சர்க்கரையை வச்சது யாரு?" என்பார் மரியதாஸ்.

"நீ வச்ச யூரியா" என்பார் கலியபெருமாள்.

"ஆபரேஷன் பண்ற டாக்டரே ரூம்ல சாமி படம் மாட்டியிருக்கான்யா."

"மாட்டியிருக்கான். கரண்ட் போனா படத்தையா பாக்கறான்? ஜெனரேட்டரைப் பாக்கறான்."

"ஜெனரேட்டரும் ஓடலன்னா?"

"ஜெனரேட்டர் மெக்கானிக்கைப் பாப்பான். அவன் வர்ற வரைக்கும் வேணும்னா உன் படத்தைப் பாக்கட்டும்."

கூட்டம் விசில் அடிக்கும். இவர்கள் இரண்டு பேரும் இன்றைக்கு ரத்தம் பார்க்காமல் விட மாட்டார்கள் என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் பயப்படுவார்கள். முடிந்ததும் கலியபெருமாள் டிவிஎஸ்ஸை உதைப்பார். மரியதாஸ் பின்னால் ஏறி உட்காருவார். பஸ் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடுகிற வழியெல்லாம் வாதம் தொடரும். டிவிஎஸ்ஸுக்கு மைக் வைத்திருந்தால் எனக்கு இன்னொரு வாடகை கிடைத்திருக்கும்.

தை மாதத்தில் அந்த நேரத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். வெயில் இறங்கி, விளக்கு போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம். அறுத்த வயலிலிருந்து வைக்கோல் வாசனை எழும்பும். பனி தரையோடு தரையாக, யாரோ வேட்டியை உலர்த்த விரித்த மாதிரி வரும். அப்போது குழாயிலிருந்து போகிற குரல் வேறு மாதிரி ஆகிவிடும். மேடை ஓரத்துக் குழாயில் ஒரு வார்த்தை முதலில் கேட்கும். தூரத்துத் தென்னையில் கட்டிய குழாயிலிருந்து அதே வார்த்தை கொஞ்சம் தாமதமாக, யோசித்துவிட்டு வருவது போல வரும். "கடவுள் இல்லை" என்பார் கலியபெருமாள். வயலைக் கடந்து "இல்லை" என்று திரும்பி வரும். "உண்டு" என்பார் மரியதாஸ். "உண்டு" என்று அதே தென்னை ஒத்துக்கொள்ளும். நான் மிக்ஸர் முன்னால் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்து, இந்த வெளி முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது, நாமெல்லாம் சும்மா ஒட்டுக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் ஒருமுறை குழாய்ச் சத்தமே மைக்கில் திரும்ப ஏறி, கூவல் வந்து காதைக் கிழித்தது. சொப்பனம் கண்டுகொண்டே பார்க்கிற தொழில் இல்லை இது.

நான் கடையைப் பையன்களிடம் கொடுப்பதற்கு முந்தின வருஷம், கலியபெருமாள் படுக்கையில் விழுந்தார். முதுகெலும்பில் நோய். பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் பேச்சு கிளம்பியது. "கலியபெருமாள் நெத்தியில துன்னூறு பாத்தேன்பா" என்றான் ஒருவன். "ராத்திரியில சாமி சாமின்னு கூப்பிடறாராம்" என்றான் அடுத்தவன். "பேச்செல்லாம் உடம்பு நல்லாருக்கிற வரைக்கும்தான்" என்று மூன்றாமவன் டீயை உறிஞ்சினான். அவரோடு சேர்ந்து சுற்றிய பையன்களே தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வாழ்க்கை பூராவும் அவர் தைத்த ஒரே பெரிய சட்டை, கடவுள் மறுப்புக்காரர் என்கிற பெயர்தான். ஆளைப் படுக்கையில் போட்டுவிட்டு, கண் முன்னாலேயே அதைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

பொங்கல் வந்தது. வாதத்தை இந்த வருஷம் விட்டுவிடலாம் என்றது மன்றம். மரியதாஸும் அதையேதான் சொன்னார். கலியபெருமாள் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். கட்டிலில் ஒரு பக்கமாகப் படுத்திருந்தார். உடம்பு வேட்டிக்குள் காணாமல் போயிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"டேய் சேகரு, திடல்லேர்ந்து எங்க வூட்டுக்கு வயர் இழுக்க முடியுமா?"

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? எம்மேல வழக்கு போட்டிருக்காங்கடா. ஆஜர் ஆக வாணாமா?"

போனில் பேசி ஸ்பீக்கரில் விடலாம் என்று மன்றத்துப் பையன்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நடுவுல சிக்னல் போனா நான் பதில் தெரியாம முழிச்சேன்னு சொல்லுவானுங்க" என்றார். நியாயம்தான். டவருக்கும் ஒரு கட்சி உண்டு போல, முக்கியமான நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும்.

இழுத்தேன். திடலிலிருந்து அவர் வீட்டுக்கு நேர் வழி, முன்பு நெல் விளைந்த வயல்கள். இப்போது மனைகள். மஞ்சள் கல் நட்டு, கயிற்றில் சின்னச் சின்னக் கொடி கட்டி, யாரோ வாங்கி யாரும் வீடு கட்டாத மனைகள். அந்தக் கல்லுக்குக் கல் வயரைச் சுற்றிக்கொண்டே போனேன். இல்லாத தெருக்கள், இல்லாத வீடுகள், இல்லாத வாசற்படிகள். காற்றில் கொடிகள் மட்டும் படபடத்தன. ஒரு குரல் வரப் போகிற பாதை அது என்று தெரியாமல் கொக்குகள் இரண்டு அதன் மேலேயே நடந்தன. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவனுக்கு அந்த நேரத்தில் அந்த மனைகளில் நடப்பது ரொம்பப் பொருத்தமாக இருந்தது. அந்த ஒருவன் நான்தான். இவ்வளவு வருஷம் இரண்டு பக்கமும் கேட்டு, பேசுகிறவன் சொல்வதெல்லாம் சரி என்று தலையாட்டிப் பழகியவன்.

வீட்டில் கட்டில் ஓரத்தில் ஸ்டாண்டு போட்டு மைக்கை அவர் வாய்க்கு நேராக வைத்தேன். ஸ்பீக்கர் பெட்டி வைத்தால் மைக் கூவும் என்பதால் காதுக்கு ஹெட்போன் மாட்டினேன். மேடையில் பேசுவதும் அவர் பேசுவதும் அதில் கேட்கும்.

"இன்னாடா, விமானம் ஓட்டறவன் மாதிரி இருக்கேனா?"

"பெல்ட்டைப் போட்டுக்குங்க மாமா."

வெளியே வந்தபோது அவர் மகள் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவள்தான். "மாமா, வலி திடீர்னு வரும். வந்தா கத்துவார். தாங்க முடியாது. அதை ஊரே கேக்க வாணாம். மூச்சை இப்படி உள்ள இழுப்பார், அது கேட்டவுடனே அணைச்சிடுங்க. சத்தியமா?" என்றாள். அந்தத் துன்னூறு விஷயத்தையும் அவளே சொன்னாள். அவர் தூங்கும்போது நெற்றியில் வைத்தவள் அவள்தான். அது யார் கண்ணிலோ பட்டுவிட்டது. தன்னால்தான் இவ்வளவும் என்று அழுதாள். சரி என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே.

திடலில் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். பாதிப் பேர் வாதம் கேட்க வந்தவர்கள் இல்லை, ஆளைப் பார்க்க முடியாவிட்டாலும் குரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் மரியதாஸ். இன்னொன்றை யாரும் எடுக்கவில்லை.

விளக்கு போடாத அந்த நேரம். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. நான் மெதுவாக ஏற்றினேன். தென்னைக் குழாயிலிருந்தும் மேடைக் குழாயிலிருந்தும் அந்தப் பழைய குரல், எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி, வயல் முழுக்க எழுந்தது.

"எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. நாற்காலியைக் காலியா வச்சிருக்கீங்களாமே. உக்காந்திருக்கிறது நான்தான்னு நம்பிக்குங்க. நம்பறதுதான் உங்களுக்கு வழக்கமாச்சே."

திடலே சிரித்தது. மரியதாஸ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் எதைத் துடைத்தார் என்பதை நான் கவனிக்காத மாதிரி வயரைப் பார்த்தேன்.

கலியபெருமாள் முதலில் வழக்கை எடுத்தார். "துன்னூறு வச்சேன்னு சொல்றீங்க. வச்சாங்க. தூங்கும்போது எம் பொண்ணு வச்சா. காலையில மூஞ்சி கழுவினேன், போச்சு. தூங்கறவன் நெத்தியில நாம இன்னா வேணா எழுதலாம். அது அவன் கருத்து ஆயிடாது."

இல்லை பக்கம் கை தட்டியது. அதுவரை தலை குனிந்து திரிந்த பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வாதம் சூடு பிடித்தது. யூரியா வந்தது, ஜெனரேட்டர் வந்தது, கிரகணம் வந்தது. அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக வற்றுவது எனக்கு மட்டும் தெரிந்தது. நான் இந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொடுத்தேன். யாருக்கும் தெரியவில்லை. அதுவரைக்கும் நான் நல்ல தொழில்காரன்தான்.

அப்போது மரியதாஸ் எழுந்து மைக்குக்குப் பக்கத்தில் வந்தார். மேடைப் பேச்சு மாதிரி இல்லாமல், டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து பேசுகிற குரலில் கேட்டார்.

"கலியா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. வலி தாங்காதப்ப யாரைக் கூப்பிடற?"

இதற்காகத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். மிக்ஸர் முன்னால் நான் மாட்டியிருந்த ஹெட்போனில் அவர் வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. கட்டில் கயிறு இறுகுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சு, உள்ளே இழுத்த மூச்சு, செல்வி சொன்ன அதே மூச்சு.

அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கும் தெரியாது. அணைத்தது நான்தானே. குழாய்கள் இரண்டும் ஊமையாகின. அவ்வளவு பெரிய கேள்விக்குப் பதிலாக அவ்வளவு பெரிய மௌனம்.

கூட்டம் என்னைப் பார்த்தது. கறுப்புச் சட்டைகளுக்கு முன்னால் நின்ற அன்றைக்காவது எனக்குக் கை மட்டும்தான் தப்பு செய்தது. இன்றைக்கு வாயும் சேர்ந்துகொண்டது. என் கையில் இருந்த மைக்கில், "ஒண்ணுமில்ல, வயரை மாடு மிதிச்சிடுச்சு" என்றேன்.

பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "எந்த மாடு? இந்தப் பக்கத்துல மாடு வச்சிருக்கறவன் நான் ஒருத்தன்தான். கொம்புக்குப் பெயின்ட் அடிச்சு இதோ கட்டி வச்சிருக்கேன். எம்மாட்டை ஏன்டா வம்புக்கு இழுக்கற?"

சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு நடுவிலிருந்து, "சாமி பேரைச் சொல்லிட்டாருப்பா! அதான் சவுண்டு மறைக்கறான்!" என்று ஒரு குரல். அடுத்த நிமிஷம் அது பத்து வாயில் இருந்தது. உண்டு பக்கம் கை தட்ட ஆரம்பித்தது. டீக்கடையில் வதந்தியாக இருந்ததை நான் ஒரே திருகில் நிஜமாக்கிவிட்டேன். ஒரு மனுஷனுடைய வலியை மறைக்கப் போய், அவர் வாழ்க்கை பூராவும் காப்பாற்றிய வார்த்தையைக் காற்றில் விட்டுவிட்டேன். இல்லை பக்கத்துப் பையன்களில் ஒருவன் எழுந்து சைக்கிளை எடுக்கப் போனான்.

மரியதாஸ் கையை உயர்த்தினார். ஜெயித்த கை அது. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் போதும், வாதம் அவருடையது. "ஏ, கை தட்டாதீங்க. நான் கேள்விதான் கேட்டேன். பதில் இன்னும் வரல" என்றார். யாரும் கேட்கவில்லை.

என் சட்டைப் பையில் போன் அடித்தது. செல்வி. "மாமா, அப்பா உங்ககிட்ட..." அதற்குள் போன் கை மாறியது.

"ஏன்டா அணைச்ச?"

மூச்சு வாங்கியது அவருக்கு. ஹெட்போனில் தன் குரல் தன் காதிலிருந்தே காணாமல் போனதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வலி வந்துச்சே மாமா... செல்விதான்..."

"வலிச்சா கத்துவேன். மாடும் கத்தும், நாயும் கத்தும். கத்தினா சாமி வந்துடுமா? வால்யூம் உன்னுது, வாய் என்னுது. வாயை அணைக்கச் சொல்லி உன்னை எவன்டா கூப்பிட்டான்? ஏத்துடா!"

தம்பிமார்களே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். இரக்கப்பட்டு மைக்கை அணைக்கிறவன், கோபப்பட்டு அணைக்கிறவனைவிட ஆபத்தானவன். கோபக்காரனோடு சண்டை போடலாம். இரக்கக்காரன் கையைத் தட்டிவிட யாருக்கும் மனசு வராது. செல்விக்குச் சத்தியம் செய்தபோது நான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசப் போவது அவர். அனுமதி வாங்கியது மகளிடம்.

ஏற்றினேன்.

"மாடு ஒண்ணும் மிதிக்கல" என்றது வயல்வெளி. கை தட்டல் நின்றது. "எனக்கு முதுகுல வலி வந்துது, கத்தினேன். நம்ம சவுண்டு நல்லவன், கொஞ்சம் மக்கு, அணைச்சிட்டான். இன்னா சொல்லிக் கத்தினேன்னு கேக்கறீங்க. சத்தம்தான் வந்துது, வார்த்தை வரல. மறுபடியும் வரும். வந்தா நீங்களே கேட்டுக்குங்க. இப்ப கேள்விக்கு வரேன். யாரைக் கூப்பிடறேன்? செல்வியைக் கூப்பிடறேன். அவ வந்து திருப்பிப் படுக்க வைப்பா. கொஞ்சம் தேவலை ஆவும்."

மரியதாஸ் மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அவ ஷிப்டுக்குப் போன அன்னிக்கு?"

"கத்துவேன்."

"யாருக்குடா கேக்கும்?"

"யாருக்கும் கேக்காது." தென்னைக் குழாய் அதைத் தாமதமாகத் திருப்பிச் சொன்னது. "எனக்கு யாராவது கேட்டா நல்லாருக்கும்தான். அதுக்காக யாரோ கேக்கறாங்கன்னு நான் எப்படிடா சொல்றது?"

அதற்கு உண்டு பக்கமும் கை தட்டவில்லை, இல்லை பக்கமும் கை தட்டவில்லை. சைக்கிளை எடுக்கப் போனவன் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றான்.

அப்போது மறுபடியும் அந்த மூச்சு. என் விரல் பட்டனுக்குப் போனது. விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். நான் என்னோடு போட்ட ஒரே மல்யுத்தம் அதுதான். அதிலும் மயிரிழையில்தான் ஜெயித்தேன்.

கத்தினார். அந்தக் கத்தல் இரண்டு குழாயிலிருந்தும் கிளம்பி, மஞ்சள் கற்களைத் தாண்டி, அறுத்த வயலையும் அறுக்காத கரும்பையும் தாண்டிப் போனது. போய்த் திரும்பி வந்தது. எந்தச் சாமியின் பெயரும் அதில் இல்லை. சாமி இல்லை என்பதும் அதில் இல்லை. பனிக்குள் எங்கோ ஒரு மாடு பதில் சொன்னது. பெண்கள் சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். திடலில் இருந்த ஒவ்வொருவரும் தன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மரியதாஸ் வாதத்தை மறந்துவிட்டார். "டேய், எந்தப் பக்கம்டா?"

"எடது பக்கம்."

"அப்ப வலது பக்கமா புரளு."

"அதைத்தான் அவ செஞ்சிக்கிட்டிருக்கா. நீ சும்மா இரு."

"தலையணையை முட்டிக்கு நடுவுல வைக்கச் சொல்லு."

"இன்னா, இதுவும் வேதத்துல இருக்கா?"

"எங்கண்ணனுக்குச் செஞ்சது."

கட்டில் கயிறு முனகுவது கேட்டது. மூச்சு மெல்ல மெல்ல நீளமானது. ஊரே அந்த மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டது. எனக்குக் காதில் ஹெட்போன் இருந்ததா, கழற்றிவிட்டேனா என்றே நினைவில்லை. எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது.

"இந்தாடா" என்றார் மரியதாஸ். "செல்வி ஷிப்டுக்குப் போற அன்னிக்கு எனக்குப் போன் பண்ணு. நான் வந்து படுத்துக்கறேன்."

"வருவ. வந்து ஜெபம் பண்ணுவ."

"பண்ணுவேன்தான். அது என் பழக்கம். இப்பவே பண்ணணும் போல இருக்கு. ஒனக்கு ஆட்சேபணையா?"

"பண்ணிக்கோ. ஆனா மைக்ல பண்ணாத."

ஒருவன் சிரித்தான். பிறகு திடல் முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே பலர் கண்ணைத் துடைத்தார்கள். மரியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. சொன்னபடியே மைக்கை விட்டு இரண்டு எட்டு பின்னால் போனார், காலி நாற்காலிக்குப் பக்கத்தில். கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. ஒரு வார்த்தைகூட மைக்கில் விழவில்லை. இல்லை பக்கத்துப் பையன்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி மேடை வரைக்கும் வந்துவிட்டது. விளக்கு போடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நான் இரண்டு மைக்கையும் திறந்தே வைத்திருந்தேன்.

"இன்னாப்பா, சத்தமே காணும்?" என்று கேட்டது தூரத்துத் தென்னை. "முடிச்சிட்டானா?"

மரியதாஸ் கண்ணைத் திறக்காமலேயே, மைக்குக்கு எட்டும்படி கொஞ்சம் உரக்கச் சொன்னார்: "இருடா, இன்னும் கொஞ்சம் இருக்கு."

"சீக்கிரம் முடி. எம் பக்கத்துல பேச வேண்டியது இன்னும் நெறைய பாக்கி இருக்கு."